பிரேக் டிஸ்க்கும் காலிப்பரும் நேராக உட்கார ஸ்பேசர் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் பழைய வோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் வைத்திருக்கும் பையன்கள் இன்ஜினைத் தொட்டுவிட்டு அடுத்துத் தொடுவது பிரேக்கைத்தான். பெரிய டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), நான்கு பிஸ்டன் காலிப்பர் (இரண்டு பக்கமும் பேடை அந்தத் தட்டில் அழுத்திப் பிடிக்கும் பாகம்), ஸ்கிராப் யார்டில் கிடைத்த பிராக்கெட் என்று மூன்று கார்களின் சாமான் ஒரே சக்கரத்தில் வந்து சேரும். சேர்ந்த பிறகு டிஸ்க் ஒரு பக்கம் உரசும், அல்லது பேட் உள்ளே போகாது. அப்போதுதான் "எத்தனை வாஷர் போடணும் அண்ணா?" என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்கும், அதைத் தொடர்ந்து வருபவற்றுக்கும் இங்கே பதில்.

ஸ்பேசர், ஷிம், வாஷர் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. பிரேக் பக்கத்தில் மூன்று இடங்களில் இடைத்தகடு வரும். மூன்றையும் ஸ்பேசர் என்றே சொல்வதால்தான் பாதிக் குழப்பம்.

முதலாவது, காலிப்பருக்கும் (அல்லது அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும்) நக்கிளுக்கும் (ஹப்பைத் தாங்கி நிற்கும், சுழலாத வார்ப்புக்கும்) நடுவில், போல்ட் போகும் இடத்தில் வைப்பது. இது கால் மில்லிமீட்டரிலிருந்து சில மில்லிமீட்டர் வரை இருக்கும் மெல்லிய தகடு. இதைத்தான் ஷிம் என்கிறோம். இரண்டாவது, ஹப்புக்கும் (சக்கரமும் டிஸ்க்கும் மாட்டும் சுழலும் மையத்துக்கும்) டிஸ்க்குக்கும் நடுவில் வைக்கும் வளையம். மூன்றாவது, டிஸ்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கும் வீல் ஸ்பேசர்.

மூன்றாவதைப் போடுவதால் டிஸ்க்கும் காலிப்பரும் ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர்கூட நகராது. "வீல் ஸ்பேசர் போட்டேன், டிஸ்க் இன்னும் உரசுது" என்றால், உரசத்தான் செய்யும். சக்கரத்தின் ஆரக்கால் காலிப்பரில் இடிக்கும்போது மட்டுமே அதனால் பயன்.

கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருக்கும் காருக்கு இது தேவையா?

தேவையில்லை. ஒரிஜினல் டிஸ்க், ஒரிஜினல் காலிப்பர், ஒரிஜினல் நக்கிள் இருந்தும் நேராக உட்காரவில்லை என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது. ஹப் முகத்தில் துரு, வளைந்த பிராக்கெட், ஆடும் பேரிங், வேறு மாடலுக்கான டிஸ்க்கைக் கடைக்காரர் கொடுத்தது, இவற்றில் ஒன்றாக இருக்கும். அதைத் தேடுங்கள். ஷிம் வைத்தால் கோளாறு கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான்.

அப்போ யாருக்குத்தான் தேவை?

மாற்றிக் கட்டியவர்களுக்கு. இங்கே அதிகம் மாட்டுவது சிட்டி கோல்ஃப்தான். 1984 முதல் 2009 வரை, இன்று காரீகா என்று பெயர் மாறிவிட்ட யூட்டன்ஹேகில் செய்த கார். முதல் தலைமுறை கோல்ஃபின் உடம்பையே கடைசிவரை ஓட்டிவந்ததால், அதன் சாதாரண மாடல்களின் முன்சக்கரத்தில் 239 மி.மீ. விட்டமுள்ள சின்ன டிஸ்க். பின்வந்த கோல்ஃபுகளின் 256 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. தடிமனும் கொண்ட காற்றோட்ட டிஸ்க்கை அதில் ஏற்றுவார்கள். ஆசை அடங்காதவர்கள் 280 மி.மீ. வரை போவார்கள்.

இப்படி மாற்றும்போது மாறுவது விட்டம் மட்டும் இல்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தொப்பி உயரம் வேறு. ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து பேட் உரசும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் தொப்பி உயரம். அது 2 மி.மீ. மாறினால் டிஸ்க் காலிப்பருக்குள் 2 மி.மீ. தள்ளி நிற்கும். தடிமன் கூடினால் அந்தக் கணக்கும் சேரும். புரொஸ்பெக்டனில் செய்த பழைய டொயோட்டா டாஸ், கான்குவெஸ்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், அளவுகள்தான் வேறு.

டிஸ்க் காலிப்பருக்கு சரியாக நடுவில் இருக்க வேண்டுமா?

நடுவில் இருப்பது நல்லது. ஆனால் இணையாக இருப்பது அதைவிட முக்கியம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எல்லோரும் நடுவைத் தேடி ஷிம் அடுக்குகிறார்கள், காலிப்பர் சாய்ந்து நிற்பதைப் பார்ப்பதில்லை.

நிலையான காலிப்பரை, அதாவது இரண்டு பக்கமும் பிஸ்டன் இருந்து உடம்பு அசையாமல் நிற்கும் வகையை எடுத்துக்கொள்வோம். பெடலை மிதித்தால் எல்லா பிஸ்டனுக்கும் ஒரே அழுத்தம்தான் போகும். டிஸ்க் நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகி இருந்தால், ஒரு பக்கத்து பிஸ்டன் அரை மில்லிமீட்டர் அதிகமாக வெளியே வரும், மற்றது அதே அளவு உள்ளே நிற்கும். பிடிக்கும் விசை இரண்டு பக்கமும் அதேதான். விலகல் 2, 3 மி.மீ. என்று போனால்தான் வம்பு: ஒரு பக்கம் புது பேட் நுழைய இடம் இருக்காது, மறுபக்கம் பேட் தேய்ந்த பிறகு பிஸ்டன் சீலின் விளிம்பு வரை வெளியே வந்துவிடும்.

சாய்வு அப்படி இல்லை. மேல் போல்டில் ஒரு ஷிம், கீழ் போல்டில் ஷிம் இல்லை என்று வைத்துவிட்டால் காலிப்பர் டிஸ்க்குக்குக் கோணலாக நிற்கும். பேடின் ஒரு முனை முதலில் தொடும், அங்கேயே தேயும், ஆப்பு மாதிரி ஆகிவிடும். பிஸ்டனும் துளைக்குள் சாய்வாகத் தள்ளப்படும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பையன் காற்று இருக்கிறது என்று நினைத்து ஒரு பாட்டில் பிரேக் ஆயிலை வீணாக்குவான்.

நகரும் காலிப்பர்தானே, அது தானாகவே நடுவுக்கு வந்துவிடாதா?

உடம்பு வரும், பிராக்கெட் வராது. ஒற்றைப் பிஸ்டன் உள்ள நகரும் காலிப்பரில் உடம்பு இரண்டு வழிகாட்டிக் கம்பிகளின் (பின்களின்) மேல் வழுக்கி டிஸ்க்கைத் தேடிக்கொள்ளும். அதனால் ஒரு மில்லிமீட்டர் விலகலை அது பொறுத்துக்கொள்ளும். ஆனால் பேடின் காதுகள் உட்காரும் தண்டவாளம் பிராக்கெட்டில் இருக்கிறது. பிராக்கெட் போல்ட் போட்ட இடத்தில் அசையாமல் நிற்கிறது.

டிஸ்க் மிகவும் தள்ளி நின்றால் மூன்று விஷயங்கள் நடக்கலாம். பிராக்கெட்டின் பாலம் டிஸ்க்கைத் தொடும், அது சத்தத்திலேயே தெரிந்துவிடும். பின்கள் தங்கள் ஓட்டத்தின் எல்லையில் நின்று, உடம்பு மேற்கொண்டு நகர முடியாமல் ஒரு பேட் மட்டுமே வேலை செய்யும். மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது: பேட் தேயத் தேய அதன் காது தண்டவாளத்தின் முனைக்கு நகர்ந்து, ஒருநாள் நழுவும். புது பேட் போட்ட அன்று எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதனால் நகரும் காலிப்பரில் ஒருமுறை தேய்ந்த பழைய பேடையும் போட்டுப் பாருங்கள். தேய்ந்த பேடோடு அழுத்திப் பிடித்த நிலையிலும் காது தண்டவாளத்தில் முழுசாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

சரி, எப்படி அளப்பது?

வெர்னியர், ஃபீலர் கேஜ் (இடைவெளிக்குள் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடுகள்), முடிந்தால் காந்தத் தாங்கியோடு ஒரு டயல் கேஜ் (சின்ன ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் கருவி). ஜாக்கியின் மேல் மட்டும் காரை நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டு வெறும் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். டிஸ்க்கை மாட்டி, வீல் நட்டுகளை (வோக்ஸ்வாகனில் போல்ட்டுகளை) வாஷரோடு போட்டு இறுக்குங்கள். இதைச் செய்யாமல் அளப்பவர்கள்தான் அதிகம். சக்கரம் இல்லாமல் சும்மா தொங்கும் டிஸ்க் சாய்ந்து நிற்கும். அதை அளந்து ஷிம் வெட்டினால் வேலையை மறுபடி செய்ய வேண்டியதுதான்.

பேட் போடாமல் காலிப்பரை மாட்டி போல்டை இறுக்குங்கள். இப்போது நான்கு இடைவெளி அளக்க வேண்டும்: உள்பக்கம் மேலே, உள்பக்கம் கீழே, வெளிப்பக்கம் மேலே, வெளிப்பக்கம் கீழே. காலிப்பரின் சீவிய முகத்திலிருந்து டிஸ்க் முகம் வரை அளக்க வேண்டும். வார்ப்பின் கரடான இடத்திலிருந்து அளந்தால் எண் பொய் சொல்லும்.

முதலில் மேலும் கீழும் ஒத்துப்போகிறதா பாருங்கள். உள்பக்கம் மேலே 14.0, கீழே 13.9 என்றால் பரவாயில்லை. மேலே 14.0, கீழே 13.4 என்றால் காலிப்பர் சாய்ந்திருக்கிறது, நிறுத்துங்கள், காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் காலிப்பரின் காதின் (போல்ட் போகும் நீட்டத்தின்) அடியில் பெயின்ட் இருக்கும். காலிப்பருக்கு சிவப்பு பவுடர் கோட்டிங் அடிப்பது இங்கே ஒரு வழக்கம், அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் போல்ட் உட்காரும் முகத்திலும் அடித்துவிடுகிறார்கள். அந்தப் பூச்சு ஒரு காதில் இருந்து மற்றதில் உதிர்ந்திருந்தால் போதும், காலிப்பர் சாய்ந்துவிடும். சூடு ஏற ஏற மீதிப் பூச்சும் நசுங்கி, இறுக்கிய போல்ட் தளரும். முகத்தைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு மறுபடி அளங்கள்.

சாய்வு இல்லை என்று தெரிந்த பிறகுதான் நடுவைப் பற்றிய கணக்கு. உள்பக்கம் 14, வெளிப்பக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4. அதில் பாதி 2. காலிப்பரை 2 மி.மீ. வெளியே, சக்கரத்தின் பக்கம் நகர்த்தினால் இரண்டு பக்கமும் 12 ஆகிவிடும். வித்தியாசம் முழுவதையும் ஷிம்மாகப் போட்டுவிட்டு, விலகல் மறுபக்கம் போய்விட்டதே என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பாதிக் கணக்கை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு முன்சக்கரங்களையும் தனித்தனியாக அளங்கள். லேசர் வெட்டு பிராக்கெட்டுகள் இடது, வலது ஒரே மாதிரி இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஷிம்மை எந்தப் பக்கம் வைப்பது?

காலிப்பரின் காது பிராக்கெட்டின் எந்தப் பக்கம் உட்காருகிறது என்பதைப் பொறுத்தது. காது பிராக்கெட்டின் சக்கரப் பக்க முகத்தில் உட்கார்ந்தால், நடுவில் ஷிம் வைக்க வைக்க காலிப்பர் வெளியே போகும். காது இன்ஜின் பக்க முகத்தில் உட்கார்ந்தால், ஷிம் அதை உள்ளே தள்ளும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் வெளியே போக வேண்டும், ஆனால் காது உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்றால் ஷிம்மால் அந்த வேலை நடக்காது. பிராக்கெட்டின் முகத்தை லேத் பட்டறையில் சீவ வேண்டும், அல்லது தடிமன் குறைந்த வேறு பிராக்கெட் செய்ய வேண்டும். பிராக்கெட்டே இரண்டு துண்டாக, அதாவது நக்கிளில் ஒரு இணைப்பும் காலிப்பரில் ஒரு இணைப்பும் இருந்தால், எந்த இணைப்பில் வைத்தால் எந்தத் திசையில் நகரும் என்று பார்த்து வசதியானதைத் தேர்ந்தெடுக்கலாம்.

போல்ட் தலைக்கு அடியில் ஷிம் வைத்துவிட்டு "எதுவும் மாறலையே" என்று சொன்னவர்களும் உண்டு. தலைக்கு அடியில் வைத்தால் போல்ட் உள்ளே போகும் நீளம்தான் குறையும், காலிப்பர் இருந்த இடத்தில் இருக்கும்.

ஹார்டுவேர் கடை வாஷரை அடுக்கினால் என்ன?

ஒன்றே ஒன்று, நல்ல தடிமனான கடின வாஷர், இரண்டு முகமும் மட்டமாக இருந்தால், சோதனைக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்படியே ஓட்டக் கூடாது. சாதாரண வாஷர் பஞ்ச் அடித்து எடுத்தது. ஒரு ஓரம் மழுங்கி, மறு ஓரத்தில் பிசிறு இருக்கும். தடிமனும் ஒரே பையில் இருக்கும் வாஷர்களுக்குள்ளேயே மாறும். நான்கை அடுக்கினால் ஐந்து தொடும் முகங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நசுங்கும், நசுங்கிய அளவுக்கு போல்டின் இறுக்கம் போகும். பிரேக் பிடிக்கும்போது காலிப்பரை டிஸ்க் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் இறுக்கிப் பிடித்த முகங்களின் உராய்வுதான். இறுக்கம் போனால் போல்ட் வளையத் தொடங்கும்.

எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்று அளந்து, அந்த அளவுக்கு ஒரே தகடாக, காதின் முகம் முழுவதும் தாங்கும் அகலத்தில் ஷிம் செய்து போடுங்கள். மெல்லியது தேவைப்பட்டால் கூடுதலாக ஒன்று. ஒரு போல்டுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். இரண்டு போல்டுக்கும் ஒரே தடிமன். ஸ்பிரிங் வாஷர் நடுவில் வைக்கவே கூடாது.

எவ்வளவு தடிமன் வரை போகலாம்?

3 மி.மீ. வரை ஷிம் என்று சொல்லலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் உங்கள் பிராக்கெட் தவறு என்பது என் கருத்து. சரியான பிராக்கெட்டைச் செய்துகொள்ளுங்கள். 8 மி.மீ., 10 மி.மீ. என்று குழாய் வெட்டி வைத்த வேலையைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். தடிமன் கூடக் கூட போல்ட் வெட்டு விசையோடு வளைவு விசையையும் தாங்க வேண்டியிருக்கும், அதற்காக அந்த போல்டை யாரும் கணக்குப் போடவில்லை.

பழைய போல்டே போதுமா?

2 மி.மீ. ஷிம் போட்டால் மரைக்குள் போகும் நீளம் 2 மி.மீ. குறையும். வார்ப்பிரும்பு நக்கிளில் போல்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு மரை பிடிக்க வேண்டும் என்பது நல்ல கணக்கு: எம்10 போல்டுக்கு 15 மி.மீ., எம்12-க்கு 18 மி.மீ. அலுமினிய நக்கிளில் இரண்டு மடங்கு. குறைந்தால் நீளமான போல்ட் வாங்குங்கள். தலையில் 10.9 என்று (பலத்தைச் சொல்லும் தர எண்) அடித்தது, அதே மரை இடைவெளியில் (பிட்ச்): 1.25, 1.5 இரண்டும் முதல் இரண்டு சுற்று ஒன்று போலவே ஏறும், பிறகு மரையைத் தின்றுவிடும். 12.9 இன்னும் பலம்தானே என்று கேட்பார்கள். அது கடினம் கூடியது, துரு ஏறும் இடத்தில் விரிசல் விடும் குணமும் கூடியது. கம்பெனி 10.9 போட்ட இடத்தில் அதையே போடுங்கள்.

நீளமான போல்டுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. முனை மறுபக்கம் வெளியே வந்து டிஸ்க்கைத் தொடலாம். அல்லது அடைபட்ட துளையில் முனை அடியில் முட்டி, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) "டக்" என்று சொல்லிவிடும், காலிப்பர் தளர்வாகவே இருக்கும். இறுக்கிய பிறகு காலிப்பரைக் கையால் ஆட்டிப் பார்த்து, டிஸ்க்கை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

இறுக்கும் அளவு உங்கள் காரின் கைப்புத்தகத்தில் இருப்பதுதான். நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு. கம்பெனி ஒருமுறை மட்டுமே பயன்படுத்தச் சொன்ன போல்ட் என்றால் புதிது போடுங்கள்.

காலிப்பரை விட்டுவிட்டு டிஸ்க்குக்குப் பின்னால் வளையம் வைத்து நகர்த்தலாமா?

முடியும். ஆனால் அது எனக்குக் கடைசி வழி.

டிஸ்க்கை 3 மி.மீ. வெளியே தள்ளினால் சக்கரமும் 3 மி.மீ. வெளியே போகும். போல்ட்டுகளில் 3 மி.மீ. மரை குறையும். ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் கழுத்தில் 3 மி.மீ. வளையத்துக்குள்ளேயே போய்விடும், சக்கரத்தை நடுவில் பிடிக்க மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். அதற்கு மேல், ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் இன்னொரு இணைப்பு முகம் சேருகிறது. வளையத்தின் இரண்டு முகமும் முழு இணையாக இல்லையென்றால், அந்தப் பிழை டிஸ்க்கின் ஓரத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும். ஹப் முகத்தைவிட டிஸ்க்கின் விட்டம் அவ்வளவு பெரியது.

வேறு வழி இல்லை என்றால், லேத்தில் ஒரே பிடியில் இரண்டு முகமும் சீவி, ஹப் கழுத்தில் இறுக்கமாக உட்காரும் துளையோடும், டிஸ்க்கைப் பிடிக்கத் தன் சொந்தக் கழுத்தோடும் வளையத்தைச் செய்யச் சொல்லுங்கள். வீல் போல்ட்டுகளை நீளமாக்குங்கள். குறைந்தது 7, 8 முழுச் சுற்றாவது மரையில் ஏற வேண்டும்.

இதோடு சேர்ந்த ஒரு பழைய பொறி, நடுத்துளை. பழைய கோல்ஃப், ஓப்பல் கடெட், டொயோட்டா டாஸ் மூன்றுக்கும் நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம். அதனால் டிஸ்க் ஒன்றுக்கொன்று மாறும் என்று நினைப்பார்கள். நடுத்துளை மூன்றுக்கும் வேறு: வோக்ஸ்வாகனில் பெரியது, ஓப்பலில் அதைவிடச் சின்னது, டொயோட்டாவில் இன்னும் சின்னது. ஓப்பல் டிஸ்க் கோல்ஃப் ஹப்பில் ஏறாது, பட்டறையில் துளையை அகலப்படுத்த வேண்டும். கோல்ஃப் டிஸ்க் டொயோட்டா ஹப்பில் சுகமாக ஏறிவிடும், ஆபத்து அதில்தான்: விளையாட்டோடு, நடுவில் இல்லாமல் இறுகும். நடுப்படுத்தும் வளையம் இல்லாமல் அதை ஓட்டக் கூடாது.

பேட் டிஸ்க்கின் ஓரத்தைத் தாண்டி நிற்கிறது. ஷிம் உதவுமா?

பக்கவாட்டில் நகர்த்தும் ஷிம் உதவாது, இது உயரத்தின் சிக்கல். பேடின் மேல்விளிம்பு டிஸ்க்கின் வெளி ஓரத்துக்குச் சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் உள்ளேயோ இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நீட்டிய பகுதி தேயாமல் உதடு மாதிரி நிற்கும். பேட் பாதி தேய்ந்ததும் இரண்டு பக்கத்து உதடுகளும் டிஸ்க்குக்கு மேலே ஒன்றையொன்று முட்டும், பெடல் கல்லாக இருக்கும், கார் நிற்காது. மிகவும் உள்ளே இறங்கியிருந்தால் பேடின் அடி டிஸ்க்கின் தொப்பி வளைவில் ஏறும். பிடிக்கும் ஆரம் குறைவதால் பெரிய டிஸ்க் போட்ட பயனும் குறையும்.

காலிப்பர் போல்ட்டுகள் ஹப்பின் மையத்தை நோக்கிப் போகும் வகை என்றால், காலிப்பரின் அடியில் தகடு வைத்து உயர்த்தலாம், அங்கே ஷிம்மின் வேலையே அதுதான். போல்ட்டுகள் அச்சுக்கு இணையாகப் போகும் வகை என்றால் பிராக்கெட்டில் துளையை வேறு இடத்தில் போட வேண்டும். துளையை ஃபைல் போட்டு நீளமாக்குபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

சக்கரம் காலிப்பரில் இடிக்கிறது.

குழந்தைகள் விளையாடும் களிமண்ணைக் காலிப்பரின் மேலும் முகத்திலும் ஒட்டி, சக்கரத்தை மாட்டி இறுக்கி, கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். களிமண் நசுங்கி நிற்கும் தடிமன்தான் உங்கள் இடைவெளி. 3 மி.மீ.க்குக் குறைந்தால் நல்லதில்லை. உள்ளே ஒட்டும் பேலன்ஸ் எடையையும் கணக்கில் வையுங்கள். 280 மி.மீ. டிஸ்க் போட்டவர்கள் 13 அங்குலச் சக்கரத்தை மறந்துவிட வேண்டியதுதான், 15 வேண்டும். இடைவெளி போதாது என்று காலிப்பரை உள்ளே தள்ளி ஷிம் போடாதீர்கள். அது டிஸ்க்குக்கு நடுவில் நிற்க வேண்டும், சக்கரத்தின் கதையை வீல் ஸ்பேசரில் தீர்த்துக்கொள்ளலாம்.

ஷிம் எந்த உலோகத்தில்?

மெல்லியது என்றால் ஸ்டீல். கடற்காற்று அடிக்கும் ஊரில் வாழ்கிறோம். பிளஃப், உம்லாங்கா பக்கம் வெளியே நிறுத்தும் காரில் சாதாரண இரும்புத் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும், சமமாகவும் வீங்காது. அதனால் ஸ்டெயின்லெஸ் நல்லது. நக்கிள் அலுமினியம் என்றால் ஸ்டெயின்லெஸ் படும் இடத்தில் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிபடும், முலாம் பூசிய ஸ்டீல் போட்டு அடிக்கடி பாருங்கள். 10 மி.மீ. அளவிலான அடாப்டர் கட்டைகளை நல்ல தரமான அலுமினியத்தில் செய்வது வழக்கம். பித்தளை, பிளாஸ்டிக், கேஸ்கெட் காகிதம், பானக் கேன் தகடு எதுவும் வேண்டாம். கடைசியாகச் சொன்னதை நான் கற்பனை செய்யவில்லை.

ஷிம் போட்டாயிற்று, இன்னும் பெடல் துடிக்கிறது. ஏன்?

அது டிஸ்க்கின் ஆட்டம். ஷிம்முக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டயல் கேஜை டிஸ்க்கின் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்துச் சுற்றுங்கள். பல கார்களுக்கு எல்லை 0.05 முதல் 0.10 மி.மீ.க்குள். அதற்கு மேல் ஆடினால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி அளங்கள். ஆட்டத்தின் இடம் டிஸ்க்கோடு நகர்ந்தால் டிஸ்க் கோணல், அங்கேயே நின்றால் ஹப் அல்லது பேரிங். நிலையான காலிப்பரில் இந்த ஆட்டம் இன்னொரு தொல்லை தரும்: டிஸ்க் பிஸ்டன்களை உள்ளே தட்டிவிட்டுக்கொண்டே இருப்பதால், அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் முதல் மிதியில் ஆழமாகப் போகும்.

பின்சக்கரத்துக்கும் இதே முறைதானா?

அளக்கும் முறை இதேதான். டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டவர்கள் ஹேண்ட் பிரேக் கேபிள் நீளத்தைச் சேர்த்துப் பாருங்கள். காலிப்பர் நகர்ந்தால் கேபிளும் இழுபடும், ஹேண்ட் பிரேக் அரைகுறையாகப் பிடித்தபடியே ஓடும்.

வேலை முடிந்ததும் எங்கே ஓட்டிப் பார்ப்பது?

ஃபீல்ட்ஸ் ஹில்லில் இல்லை. க்ளூஃபிலிருந்து பைன்டவுன் இறங்கும் அந்தச் சரிவு, புதிய பிரேக்கைச் சோதிக்கும் இடம் அல்ல. முதலில் வண்டி நின்றபடி பெடலைப் பலமாக மிதித்துப் பிடித்துக்கொண்டு, வேறொருவரை ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். காற்று வெளியேற்றும் நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா? இடது, வலது காலிப்பரை மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், எத்தனை முறை பிளீட் செய்தாலும் காற்று போகாது.

அப்புறம் தட்டையான, காலியான சாலையில் 60-லிருந்து 20-க்கு மிதமாகக் குறைத்து, நடுவே ஆறவிட்டு, பல தடவை செய்யுங்கள். புது பேடும் டிஸ்க்கும் பழகுவதற்கு இது. சூடான நிலையில் பெடலை அழுத்தியபடி நிற்காதீர்கள். வீடு வந்ததும் நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையை வைத்துப் பாருங்கள், டிஸ்க்கைத் தொட வேண்டாம். முன்சக்கரங்களில் ஒன்று மட்டும் தகிக்கிறது என்றால் அந்தப் பக்கம் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லும், ஜோஹன்னஸ்பர்க் போகும்போது வான் ரீனன் கணவாயும் இதற்கெல்லாம் பிறகுதான். அப்போதும் இறக்கத்தில் கியரைக் குறைத்து ஓட்டுங்கள்.

ரோட்வொர்த்தி (சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று) கிடைக்குமா? இன்சூரன்ஸ்?

கார் கைமாறும்போது ரோட்வொர்த்தி சோதனை உண்டு, சான்ஸ் 10047 என்ற தரநிலைப்படி பார்ப்பார்கள். உருளைகளின் மேல் பிரேக்கை அளக்கும்போது இடது, வலது வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு பக்கக் காலிப்பர் சாய்ந்திருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். கசிவு, தளர்ந்த போல்ட், சக்கரத்தில் உரசும் ஹோஸ் என்றாலும் திருப்பி அனுப்புவார்கள். இன்சூரன்ஸுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிரேக்கை மாற்றியதைச் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு அதையே காரணம் காட்டிப் பணத்தை மறுக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

போட்ட பிறகு எப்போது திரும்பப் பார்க்க வேண்டும்?

முதல் சில நூறு கிலோமீட்டரில் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். இறுக்கியபோதே போல்ட் தலையிலிருந்து காலிப்பர் மேல் ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைத்திருந்தால், அது விலகியிருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரியும். பேடைக் கழற்றி நான்கு மூலைகளிலும் தடிமன் அளங்கள். ஒரு மூலை மட்டும் குறைந்தால் சாய்வு இன்னும் இருக்கிறது. உள் பேடும் வெளி பேடும் வேறு வேறாகத் தேய்ந்திருந்தால், நகரும் காலிப்பரில் வழுக்க வேண்டிய பின் ஒட்டிக்கொண்டதா என்று முதலில் பாருங்கள், ஷிம்மை அதற்குப் பிறகு சந்தேகப்படலாம். அடுத்ததாக ஒவ்வொரு முறை பேட் மாற்றும்போதும் பார்த்தால் போதும்.

ஷிம்களைக் கழற்றும்போது இடது, வலது என்று பையில் எழுதிப் போட்டு வையுங்கள். டிஸ்க்கை மாற்றினால் மட்டும் பழைய ஷிம்மைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் போடாதீர்கள்: வேறு கம்பெனி டிஸ்க்கின் தொப்பி உயரம் கொஞ்சம் மாறலாம், நான்கு இடைவெளியையும் புதிதாக அளக்க வேண்டும்.